நத்தை சொல்லும் கணக்கு

நுழையும்முன்

வீட்டில் வைக்கப்படும் மீன்தொட்டி, மனிதர் தம் கையால் அமைக்கும் ஒரு சிறு நீர்நிலை. அழைக்காமலே அதில் குடியேறிப் பெருகும் நத்தைகளை ஒழிக்க முனைவோர் பலர். அவை ஏன் பெருகுகின்றன, எவ்வாறு அவற்றை அளவோடு வைத்திருப்பது, தொட்டிக்கு வெளியே அவற்றைக் கொட்டுவதால் விளையும் கேடு யாது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அழையா விருந்தாளி

கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, அடியில் மணல் பரப்பி, இரண்டொரு நீர்ச்செடிகளை ஊன்றி வண்ணமீன் வளர்ப்பது இன்று நகரத்திலும் சிற்றூரிலும் காணப்படும் வழக்கம். சென்னையிலுள்ள கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற பகுதியாக விளங்குகிறது. இத்தகைய சந்தைகளில் மீனையும் செடியையும் தேர்ந்து வாங்கும் எவரும் நத்தையைக் கேட்டு வாங்குவதில்லை. ஆயினும், சில வாரங்களில் கடுகளவான உருவம் ஒன்று கண்ணாடியில் மெல்ல நகரத் தொடங்குகிறது. ஒன்றாக இருக்கும்வரை அது வேடிக்கை. நூறாகும்போது அதுவே கவலை.

இந்த விருந்தாளி வரும் வழி நீர்ச்செடி. இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற கூழ் போன்ற பொதிக்குள் முட்டைகள் ஒட்டியிருக்கும். கூர்ந்து நோக்கினாலன்றி அவை கண்ணுக்குப் புலப்படா. ஓரிரு வாரங்களில் அவை பொரிந்து குஞ்சுகள் வெளிவரும்.

வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் மூவகை நத்தைகள் தென்படுகின்றன. முதலாவது, பைசெல்லா அக்யூட்டா என்னும் சிறு நத்தை. 1805ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கிடைத்த ஓடுகளைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. எனினும், இதன் தாயகம் வட அமெரிக்கா. இன்று அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இது பரவியுள்ளது. இதன் ஓட்டைக் கூர்முனை மேலிருக்கப் பிடித்து நோக்கினால் வாய் இடப்புறம் அமைந்திருக்கும். சங்குகளுள் அரிதினும் அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கின் சுழற்சியும் இதுவே. சங்கில் அரிதான அவ்வமைப்பு இச்சிறு நத்தைக்கு இயல்பானது. இரண்டாவது, ஆட்டுக்கிடாயின் கொம்புபோலத் தட்டையாகச் சுருண்ட ஓடுடையது. மூன்றாவது, நீண்ட திருகு வடிவ ஓடுடைய மலேசிய நத்தை. பெயரில் மலேசியா இருப்பினும் இந்திய நீர்நிலைகளிலும் இயல்பாக வாழ்வது இது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளிவரும்.

முதலிரு வகைகளும் இருபால் உயிரிகள். இணை கிடைக்காதபோது தம் முட்டைகளைத் தாமே கருவுறச் செய்துகொள்ள வல்லவை. மலேசிய நத்தையோ ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும். ஆகவே, ஒன்று எஞ்சினாலும் ஓர் இனமே எஞ்சியதாகக் கொள்ளவேண்டும். கையால் பொறுக்கி முற்றாக ஒழித்துவிடலாம் என்னும் எண்ணம் நிறைவேறாமைக்கு இதுவே காரணம்.

பெருக்கத்தின் காரணம்

நத்தைகள் குளத்திலும் உண்டு. ஆனால் குளம் நத்தைகளால் நிரம்பிவிடுவதில்லை. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுள் ஒன்றான நத்தை குத்தி நாரை, இடைவெளி கொண்ட தன் அலகால் நத்தையைப் பற்றி அதன் தசையை உருவி உண்கிறது. மீன்களும் நண்டுகளும் தம் பங்குக்கு உண்கின்றன. கோடையில் நீர் வற்றுகிறது, உணவு குறைகிறது. இவ்வாறு குளத்தின் கணக்கு நேர்செய்யப்படுகிறது.

வீட்டுத் தொட்டியில் நாரை இல்லை, கோடையும் இல்லை. நாள்தோறும் தவறாமல் மேலிருந்து உணவு மட்டும் விழுகிறது. மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறப்பதைப் பசி என்று எண்ணி, வளர்ப்பவர் மேலும் ஒரு சிட்டிகை இடுகிறார். வீட்டிலுள்ள சிறுவரும் முதியவரும் ஆளுக்கொரு முறை இடுகின்றனர். மீன்கள் உண்டது போக எஞ்சியது மணலிடையே தங்குகிறது. அதனுடன் உதிர்ந்த இலையும் கண்ணாடியில் படிந்த பாசியும் சேர்கின்றன. நத்தையின் உணவு பெரும்பாலும் இவையே.

ஆகவே, நத்தைகளின் எண்ணிக்கை என்பது தொட்டியில் எஞ்சும் உணவின் அளவு. இருநூறு நத்தைகள் வாழும் தொட்டியில், அந்த இருநூற்றுக்கும் போதிய மிச்சம் நாள்தோறும் விழுகிறது என்பது பொருள். அவை மிச்சத்தை உண்ணாதிருந்தால் அது அழுகி அம்மோனியாவாக மாறும். சிறிதளவு அம்மோனியாவும் மீனின் செவுள்களைப் புண்படுத்தும். நத்தையை நோயாகக் கருதுவோர் காணத் தவறுவது இதனையே. நோய் மிகையான உணவு; நத்தை அதன் அறிகுறி.

நஞ்சும் பகையும்

நத்தைகளை விரைந்து ஒழிக்க எண்ணுவோர் முதலில் நாடுவது மருந்து. நத்தைக்கொல்லி மருந்துகள் பலவற்றில் செம்பு அடங்கியுள்ளது. செம்பு நத்தைகளைக் கொல்லும். அத்துடன் இறால் போன்ற முதுகெலும்பற்ற பிற உயிர்களையும் கொல்லும். ஒரே இரவில் இறந்த நூற்றுக்கணக்கான நத்தைகள் மணலுக்குள் அழுகும்போது அம்மோனியா பெருகுகிறது. நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. மறுநாள் காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் மூச்சுக்குத் திணறுகின்றன. நத்தைக்கு வைத்த நஞ்சு மீனின் உயிருக்கு உலையாகிறது.

அடுத்த வழி, நத்தை உண்ணும் உயிரைத் தொட்டியில் விடுவது. அயிரை இனத்தைச் சேர்ந்த சில மீன்கள் நத்தைகளை விரும்பி உண்ணும். கேரளத்தின் பம்பை முதலிய ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை மீனும் அத்தகையதே. ஆனால், அயிரை இன மீன்களுள் சில ஒரு சாணுக்கு மேல் வளரும், கூட்டமாக வாழ்வன, சிறு தொட்டி அவற்றுக்குச் சிறையாகும். பேத்தையோ உடன் வாழும் மீன்களின் துடுப்பைக் கடிக்கும். அது தன் வாழிடத்திலேயே அருகிவரும் இனமும் ஆகும்.

ஒன்றை அடக்க மற்றொன்றைக் கொணர்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவு சான்றாக நிற்கிறது. அங்குப் பயிர்களை அழித்துவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கட்டுப்படுத்த, 1977ஆம் ஆண்டில் ஊனுண்ணி நத்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. அது பெருநத்தையை விடுத்து, அத்தீவுக்கே உரிய சிறிய பார்த்துலா நத்தைகளை வேட்டையாடியது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் அத்தீவின் பார்த்துலா இனங்கள் காட்டில் இல்லாமற்போயின. உயிரியல் பூங்காக்களில் பேணப்பட்ட சில இனங்களே பிழைத்தன.

அளவோடு வைக்கும் வழி

காரணம் மிகையான உணவு எனில், தீர்வு அதனைக் குறைப்பதே. இரண்டு நிமிடங்களுக்குள் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே போதுமானது. வீட்டில் ஒருவர் மட்டும் உணவிடும் பொறுப்பை ஏற்பது நன்று. நலமுடன் வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் உணவிடாதிருப்பதால் தீங்கு நேராது.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது, குழாயின் முனையை மணலில் செலுத்தி அங்குத் தங்கிய கசடை உறிஞ்சி எடுக்கவேண்டும். அழுகும் இலைகளைக் கிள்ளி அகற்றவேண்டும். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால் பாசி குறையும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டியின் அடியில் வைத்தால் காலையில் அதன்மேல் நத்தைகள் திரண்டிருக்கும். துண்டோடு அவற்றை வெளியே எடுத்துவிடலாம். உணவைக் குறைக்காமல் இதனை மட்டும் செய்தால், எடுக்கப்பட்டவற்றின் இடத்தைப் புதியவை விரைவில் நிரப்பிவிடும்.

புதிதாக வாங்கும் செடியை நேரே தொட்டியில் ஊன்றாமல், தனிப் பாத்திரத்தில் சில வாரங்கள் வைத்துக் கண்காணிப்பது வருமுன் காக்கும் வழி.

இவற்றைப் பின்பற்றினால் ஓரிரு மாதங்களில் நத்தைகளின் எண்ணிக்கை தானே சுருங்கும். முற்றாக மறையாது, மறையவும் வேண்டியதில்லை. எஞ்சிய சில நத்தைகள் பாசியைத் துடைக்கும், மணலைக் கிளறிவிடும், உணவு மீண்டும் மிகும்போது தம் பெருக்கத்தால் உணர்த்தும். பகலிலேயே மலேசிய நத்தைகள் கூட்டமாக மேலேறினால், நீரில் உயிர்வளி குறைந்திருக்கலாம் என்று ஐயுற்று ஆராயவேண்டும்.

தொட்டிக்கு வெளியே

அகற்றிய நத்தைகளை என்ன செய்வது? இக்கேள்விக்குப் பலர் தரும் விடை, அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவது. கொல்ல மனமின்றி இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலே எல்லாவற்றினும் பெருங்கேடு விளைப்பது.

1847ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளை வில்லியம் பென்சன் என்பார் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அங்கு ஒரு தோட்டத்தில் விடப்பட்ட அவ்வினம் இன்று கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் பயிர்களைத் தாக்குகிறது. தென் அமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தை, 1980ஆம் ஆண்டை ஒட்டி உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து பிலிப்பைன்சு, வியட்நாம் முதலிய நாடுகளுக்குப் பரவி, இளம் நெற்பயிரை மேயும் பெரும்பகையாக மாறியது. இதன் இன நத்தைகள் மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படுவனவும் ஆகும். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுக வயல்களில் இவை புகுந்த பின்னர், 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வினத்தின் இறக்குமதிக்கும் பரவலுக்கும் தடை விதித்தது.

ஆகவே, தொட்டியிலிருந்து எடுத்த நத்தையையும் செடியையும் எந்த நீர்நிலையிலும் விடலாகாது. நத்தைகளை நசுக்கி அத்தொட்டி மீன்களுக்கே உணவாக்கலாம். அல்லது உறைபெட்டியில் ஒரு நாள் வைத்துப் பின்னர்க் குப்பையில் சேர்க்கலாம். கழித்த செடிகளை வெயிலில் நன்கு காயவைத்து அப்புறப்படுத்தலாம். தொட்டி நீரைக்கூட வாய்க்காலில் ஊற்றாமல் வீட்டுச் செடிகளுக்கு ஊற்றுவது சிறந்தது.

கண்ணாடிக்குள் நிகழும் பிழையை வளர்ப்பவர் திருத்திக்கொள்ளலாம். உணவைக் குறைத்தால் சில மாதங்களில் கணக்கு நேராகிவிடும். குளத்தில் கலந்துவிட்ட ஓர் அயல் உயிரையோ எவராலும் பொறுக்கி எடுக்க இயலாது. ஒரு சிட்டிகை உணவை அளந்து இடும் கை, ஊரின் குளத்தையும் வயலையும் காக்கும் கையாகிறது.