கால் நீங்கிய நாற்காலி

ஜப்பானியரின் ‘ஸாஇசு’வைத் தமிழில் பெயர்க்க முயல்பவர் முதலடியிலேயே இடறுவார். நான்கு கால்கள் உடையதே நாற்காலி. இதற்கோ ஒரு காலும் இல்லை. ஜப்பானிய மொழியில் இம்முரண் எழுவதில்லை: ‘ஸா’ அமர்தலையும் அமரும் இடத்தையும் குறிக்கும், ‘இசு’ நாற்காலியைக் குறிக்கும். தத்தாமிப் பாய் விரித்த தரையில் நாற்காலிக் கால்கள் அழுந்தினால் பாய் கெடும். முதுகுச்சாய்வை மட்டும் கொண்ட இருக்கையே அங்குப் பொருந்தும்.

1963இல் கென்ஜி ஃபுஜிமோரி வடிவமைத்த ஸாஇசு, வளைத்த ஒட்டுப்பலகையால் ஆனது. இருக்கையின் நடுவே ஒரு துளை உண்டு. அதனால் எடை குறைகிறது, மேலே இடும் திண்டும் வழுக்குவதில்லை. இன்று பரவலாக விற்பது மடக்கு வகை: எஃகுக் குழாய்ச் சட்டம், நுரைப்பஞ்சு, துணியுறை. இவற்றுள் பலவற்றில் சாய்வைத் தாழ்த்த, முதலில் அதை முன்புறமாக முழுவதும் மடக்க வேண்டும். அப்போதுதான் கீலின் பற்பிடி விடுபடும். வலிந்து பின்னே தள்ளுபவர் கீலை உடைக்கிறார்.

வாங்குவோர் துணியின் நிறத்தைப் பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது, அமரப்போகிறவரின் முழங்காலை. இவ்விருக்கை முதுகுக்கு மட்டுமே துணை. சம்மணமிடும்போது முழங்கால் ஏறத்தாழ வெறுந்தரையில் மடிவது போலவே மடிகிறது. எழும்போது உடலைத் தூக்கும் சுமையும் பெரிதாகக் குறைவதில்லை. ஊன்றி எழக் கைப்பிடியும் பெரும்பாலும் இராது. மூட்டுவலி உடைய தாய்க்குப் பிள்ளைகள் அன்போடு இதை வாங்கித் தருகின்றனர். அவரும் அமர்ந்துவிடுகிறார். எழுவதற்குத்தான் ஆள் தேவை. கூப்பிடத் தயங்கித் தாகத்தோடு அமர்ந்திருப்பவரின் மௌனத்தை வசதி என்று வீட்டார் எண்ணிக்கொள்ளக் கூடும்.

முழங்கால் நலமாக உள்ளவர்க்கு இது நல்ல பொருளே. மடக்கிய தொடைகள் அடங்கும் அகலம் இருக்கைக்கு வேண்டும். இடுப்பு முழங்காலினும் சற்று உயர்ந்திருந்தால் முதுகு கூனாது; அதற்கு ஒரு மெல்லிய திண்டு போதும். வழுவழுப்பான தரையாயின் அடியில் ஒரு விரிப்பு அவசியம். ஈரம் மிக்க பருவத்தில் அவ்வப்போது நிமிர்த்தி வைத்து அடிப்பக்கத்தைக் காற்றாட விடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

முதியோர்க்கென ஜப்பானில் ‘தகாஸாஇசு’ என்றொரு வகை விற்கிறது. ‘உயர்ந்த ஸாஇசு’ என்பது பொருள். குட்டைக் கால்களும் கைப்பிடிகளும் கொண்டது. பெயரில் ஸாஇசு நீடிக்கிறது, நீக்கிய கால்களோ திரும்பிவிட்டன, தமிழ்ச்சொல்லும் பொருந்திவிடுகிறது! தரையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் பாட்டியும் பேசிக்கொண்டிருக்கலாம். தாகமெடுத்தால் கைப்பிடியை ஊன்றித் தாமே எழலாம்.