பரிசும் பஸ்ஸும்

கல்வி, உடல்வலிமை, பொதுத்தொண்டு ஆகிய மூன்றும் ஒரு மாணாக்கனிடத்தில் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பது அறிஞர் பலரும் ஒப்பிய உண்மை. ஏடு மட்டும் கற்று உடல் நலிந்தவனாலும், உடல் மட்டும் வளர்த்து அயலான் துன்பம் அறியாதவனாலும் நாட்டுக்கு விளையும் நன்மை சிறிதே. இக்கருத்துப் பற்றியே நமது இடைநிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடைபெறுகின்றது. தேர்வில் முதன்மை எய்தியோர்க்கு ஒரு பரிசு. ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் வென்றோர்க்கு ஒரு பரிசு. சாரணர் படை, செம்பிறைச் சங்கம் முதலியவற்றில் தொண்டாற்றியோர்க்கு மற்றொரு பரிசு.

ஈப்போ நகரத்தில் அத்தகைய விழா ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நம்மவர் பிள்ளைகள் பலர் மேடையேறக் கண்டு மனம் மகிழ்ந்தேன். ஆயினும் ஒன்று உறுத்திற்று. தேர்வுப் பரிசு பெற்றோருள் தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் இருந்தனர். மற்ற இரண்டு பரிசுகளைப் பெறத் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட ஏறவில்லை.

நம் பிள்ளைகளின் காலில் வலுவில்லையா? நெஞ்சில் இரக்கமில்லையா? முதல் வினாவிற்குப் பேராக் மாநிலத்தின் வரலாறே விடை கூறும். கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டர் தூரத்தை 20.92 வினாடியில் கடந்தார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்து நின்றது. அவரோ மருத்துவம் பயின்று, பின்னர்ச் சுகாதார அமைச்சில் உயர்பதவி வகித்தவர். கல்வி, ஓட்டம், தொண்டு மூன்றும் ஒருவரிடத்தில் அமையக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி அதே பாங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வயதுவந்த பெண் திடலில் ஓடலாகாது என்று நம்மவர் பலர் முணுமுணுத்த காலம் அது!

பின் குறை எங்கே உள்ளது? தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எனக்கு அது ஓரளவு தெரியும். மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும்படி பெற்றோர் என்னிடம் வருவதுண்டு. மதிப்பெண்களை எழுதும்வரை முகம் மலர்ந்திருக்கும். புறப்பாட நடவடிக்கை என்ன என்று கேட்டதும் தகப்பனார் மகளைப் பார்ப்பார். மகள் தரையைப் பார்ப்பாள். “பஸ் ரெண்டு மணிக்குப் போயிடுதுங்க ஐயா. அதை விட்டா வீடு வந்து சேர வழியில்லை. புள்ள எப்படிங்க அங்கே நிக்கும்?” என்பார் ஒருவர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் வழங்குகையில் தேர்வுக்கு 90 பங்கும் புறப்பாடத்துக்கு 10 பங்கும் மதிப்பளிக்கின்றனர். இடத்துக்குப் போட்டி மிகுந்தவிடத்து அந்தப் பத்தே வாழ்வைத் தீர்மானிக்கும். பிள்ளையின் அறிவு தேடிய தொண்ணூறைப் பஸ்ஸின் நேரம் பறித்துக்கொண்டு போவது நீதியாகுமா?

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. லயத்தருகே பள்ளி இருந்தமையால் பிள்ளை நடந்தே சென்றது. ஆனால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிவுறுகின்றது. அதன் பின்னர் வழி நீளுகின்றது. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கின்றது. குடும்பங்கள் பல பட்டணம் புகுந்தன. எஞ்சிய சில வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிற்பகல் பஸ் விட எவரும் முன்வருவதில்லை.

இனி, தொண்டுக்கு வருவோம். உதிரிப்பழம் பொறுக்கத் தாய் விடியுமுன் போய்விட, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் ஓடி வருகிறாளே ஒரு சிறுமி, அவள் செய்வது தொண்டன்றோ? மாலையில் அடுத்த வீட்டுக் கிழவிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறாளே, அது பொதுநலமன்றோ? சீருடை அணியாத தொண்டுக்குப் பட்டியலில் இடமில்லை. ஆகையால் அவள் ‘ஒன்றிலும் ஈடுபடாதவள்’ ஆகின்றாள்.

“படிப்பு ஒன்றே போதும், பந்தாட்டம் சோறு போடுமா?” என்று கேட்கும் பெரியோர் உளர். வறுமை அவர்களை அவ்வாறு பேசச் செய்கின்றது, அவர்களை இகழேன். ஆயினும் கூட்டத்தில் நின்று பேசவும், தோற்றால் துவளாமல் மீண்டெழவும் புத்தகம் மட்டும் கற்பிக்குமோ? திடலும் சங்கமும் கற்பிக்கும் பாடங்கள் அவை.

ஆகவே நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். தோட்டந்தோறும் கோயில் உண்டு. கோயிலுக்கு நிர்வாகசபை உண்டு. ஆண்டுத் திருவிழாவும் குறைவின்றி நடக்கின்றது. அச்செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, அண்டைத் தோட்டங்கள் சேர்ந்து, வாரத்தில் ஒருநாள் மாலை வேன் ஒன்று அமர்த்தினால் தெய்வம் கோபிக்குமா? பள்ளி ஆசிரியர்களும், தோட்டத்தில் பிள்ளைகள் ஆற்றும் தொண்டை நேரில் அறிந்து, அதையும் தொண்டென்று எழுதிக்கொள்ள வழிதேட வேண்டும். மகனை அனுப்பும் வேனில் மகளையும் அனுப்புதல் பெற்றோர் கடமை.

தகுதியுள்ள பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது பள்ளியின் வேலை. அப்பிள்ளை மாலை நான்கு மணிவரை திடலில் நிற்கும்படி செய்வது நம்முடைய வேலை. நம் வேலையை நாம் செய்யாதவரை, மேடையில் நம் பிள்ளையைக் காணோமே என்று வருந்த நமக்கு உரிமை ஏது?