மூடாத கை

சின்சில்லா என்னும் கொறிவிலங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எப்போது தூக்கலாம் என்பதுதான். கொஞ்ச நாளைக்கு அந்த ஆசையை மூட்டை கட்டி வையுங்கள் என்பேன். முகம் வாடிப்போகும். ஒரே மயிர்க்காலில் 50க்கும் மேற்பட்ட முடிகள் முளைத்து அடர்ந்திருக்கும் ரோமத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் பயந்திருக்கும் நேரத்தில் பிடித்தால் அந்த ரோமம் கொத்தாகக் கையோடு வந்துவிடும். நரி கவ்வினால் அதன் வாயில் முடியை மட்டும் விட்டுவிட்டுத் தப்ப, உடம்பே கண்டுவைத்திருக்கும் வழி அது. உதிர்ந்த இடம் மறுபடி நிரம்ப மாதங்கள் ஆகலாம்.

இந்தப் பயம் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. அங்கே பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழ்ந்த உயிர் இது. பருந்தும் ஆந்தையும் மேலிருந்துதான் பாயும். 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலைக்குளிரில் வாழ்ந்தவற்றை ஒரேயடியாகக் கீழே இறக்காமல், படிப்படியாகச் சமவெளிக்குப் பழக்கினார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வம்சம். ரோமத் தொழிலுக்காக அவர் அதைச் செய்தார் என்பது எனக்கு உவப்பானதல்ல. அந்த நிதானத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனிதர்களோடு இவற்றுக்கு நூறாண்டுப் பழக்கம்தான். நாயிடம் எதிர்பார்ப்பதை இவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே, நாம் மேலிருந்து பாய்வதாக அதற்குத் தோன்றாதபடி, கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். அது உட்காரும் பலகை நம் மார்பு உயரத்தில் இருக்கட்டும், கதவு பக்கவாட்டில் இருக்கட்டும். உள்ளே ஒரு மரப்பெட்டி வேண்டும். அதற்குள் நம் கை ஒருநாளும் நுழையக் கூடாது. பகலில் தூங்குவதை எழுப்பாமல், அந்தி சாய்ந்து அது விழிக்கும் வேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டிருக்கலாம், வாசிக்கலாம். முதல் வாரங்களில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

பிறகு கை. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை விரித்து, கூண்டின் அடித்தளத்தில் வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் மிளகு என்ற சாம்பல் நிறப் பெண், முதலில் உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டுவாள். நீண்ட மீசை முடிகள் விரல்நுனியைத் தொட்டுத் தொட்டு விலகும். அடுத்து பல் வரும். தோலை மெல்லக் கொறித்துப் பார்ப்பது கடியல்ல, விசாரிப்பு. அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால் எல்லாம் முதலிலிருந்துதான். பிறகு ஒரு முன்னங்கால், இன்னொன்று, கடைசியில் முழு எடையும் உள்ளங்கையில். அந்தக் கணத்தில் நம் விரல்கள் தாமாகவே மடங்கப் பார்க்கும். மடக்கக் கூடாது. ஏறிய கையிலிருந்து நினைத்தபோது இறங்கிப்போக முடியும் என்று தெரிந்த பிராணிதான் மறுநாளும் ஏறும். நான் இத்தனை காலம் வளர்த்துக் கண்டது இது ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

திராட்சை கொடுத்து வசப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. சர்க்கரை அதன் குடலுக்கு ஆகாது. ஒரு சிட்டிகை ஓட்ஸ் போதும்.

பெண் சின்சில்லா பின்னங்காலில் எழுந்து நின்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கக்கூடும். அதட்டாதீர்கள். அறையில் திறந்துவிட்டபின் கூண்டுக்குத் திரும்ப மறுத்தால் துரத்தவே கூடாது. துரத்தினால் உடம்பு சூடேறும். அறையின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போனாலே வெப்பத்தாக்கு அபாயம் உள்ள உயிர் இது. (நம்மூர்க் கோடையில் இரவும் பகலும் ஏசி ஓடாத வீட்டில் இதை வளர்க்க நினைப்பதே கொடுமை என்பேன்.) எரிமலைச் சாம்பல் மண் நிரப்பிய குளியல் தொட்டியைத் தரையில் வைத்தால் தானாகவே வந்து குதிக்கும். தொட்டியோடு சேர்த்துக் கூண்டுக்குள் வைத்துவிடலாம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மண்ணில் மல்லாந்து புரள ஆரம்பித்தால் மனசு நிறைந்துவிடும். வயிறு மேலே தெரியக் கிடப்பது, தப்பியோட முடியாத நிலை; நம்மை நம்பினால்தான் நம் முன்னால் அப்படிக் கிடக்கும்.

தூக்குவது கடைசியில். ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்பகுதிக்குக் கீழே, நம் உடம்போடு சேர்த்து. திமிறுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். சில சின்சில்லாக்கள் ஆயுசுக்கும் இதை விரும்பாது. விரும்பாவிட்டாலும் கையில் ஏறப் பழகியிருந்தால் போதும், வாரம் ஒருமுறை தராசில் ஏற்றிவிடலாம். வாழ்நாள் முழுக்க வளரும் பற்கள் கோணலாகித் தின்ன முடியாமல் போனாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. முதலில் குறைவது எடைதான். மிளகு இப்போது ஓட்ஸைக் கண்டதும் தானே தராசில் ஏறி நிற்கிறாள். எண்ணைக் குறித்துக்கொள்ள எனக்கு நேரம் கிடைக்கிறது.