ஷிப்டுக்காரர் வீட்டுக் கீரை

முளைக்கீரையைப் பிடுங்கினால் பாத்தி காலி. மறுபடி விதைத்து, மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறவருக்கு அது சரிப்பட்டு வராது. அதனால்தான் தொழிற்பேட்டை ஊரான வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுப் பின்புறம் காலார்ட் கீரை போட்டேன்.

முட்டைக்கோஸ் இனம்தான், ஆனால் உருண்டை கட்டாது. தண்டு நிமிர நிமிர அகன்ற இலைகளை விட்டுக்கொண்டே போகும். அடியில் முற்றிய இலைகளை நாலைந்து ஒடித்தால் ஒரு வேளைக் கூட்டுக்கு ஆயிற்று. குருத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. காஷ்மீரில் இதே குடும்பத்து ஹாக் கீரையைக் கடுகெண்ணெய், பெருங்காயம், மிளகாய் போட்டு வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் ஏழை எளியவர்களின் அன்றாடக் கறி இது. சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. சுண்ணாம்பைச் சேரவிடாமல் தடுக்கும் ஆக்சலேட் குறைவு என்பதால், பாலக்கில் உள்ளதைவிட அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். இங்கே ஆலைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே மண்தான் பெரிய வேலை. மனை போட்டபோது கொட்டிய கிராவலில் கடப்பாரைகூட இறங்காது. ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிக் கொட்டிவிட்டு, ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களிடம் மக்கிய எரு வாங்கிச் சேர்த்தேன். ஐப்பசியில் தொட்டியில் விதைத்து, அடைமழை ஓய்ந்ததும் ஒன்றரை அடி இடைவெளியில் நாற்றை நட வேண்டும். மார்கழிப் பனியில் இலை தழைத்து வரும். பங்குனி வெயில் ஏறினால் முரடு தட்டிவிடும். அப்போது நடுத்தண்டை நீக்கி, பிரேசில்காரர்கள் செய்வதுபோல இலைகளைச் சுருட்டிப் பிடித்து நூல்நூலாக அரிந்து வதக்கலாம். தேங்காய்த்துருவல் போட்டால் நம் பொரியலேதான்.

வைரமுதுகுப் பூச்சியின் புழுதான் எதிரி. இலையைத் தொட்டதும் துள்ளி விழுந்து, மெல்லிய இழையில் தொங்கும். வேப்பங்கொட்டை 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறேன். இலை மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால், தாமரை இலையில் விழுந்த தண்ணீராகச் சாறு உருண்டோடிவிடும். கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால்தான் ஒட்டும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், புழு அங்கேதான் இருக்கும்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் இதே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். மனம் நிறைந்த செய்தி அது. வந்து தங்குகிறவர்களில் எத்தனையோ பேர் வயல் வீட்டுப் பிள்ளைகள், மண்ணில் கை வைத்து வளர்ந்தவர்கள். இனி இந்தப் பக்கம் விடுதி கட்டுகிறவர்களும், வாடகைக்கு வீடு விடுகிறவர்களும் முற்றம் முழுக்கச் சிமெண்ட் பூசிவிட வேண்டாம். வெயில் படுகிற பக்கமாக, பத்துச் செடிக்காவது மண் விட்டு வையுங்கள்.