புலிக் குகைக்கு ஒரு நாள் நடை

பாரோ பள்ளத்தாக்கில் வெயில் ஏறுவதற்குள் வண்டிகள் மலையடிவாரத்துக்கு வந்துவிடுகின்றன. அண்ணாந்து பார்த்தால், செங்குத்தான பாறையில் ஒட்டவைத்ததுபோல வெள்ளைச் சுவரும் பொன்னிறக் கூரையும் தெரிகின்றன. அதுதான் டாக்ட்சாங், பூடானின் மிகப் புகழ்பெற்ற பௌத்த மடம். புலியின் குகை என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,120 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர். அங்கேயா ஏறப்போகிறோம் என்று மலைப்பவர்கள் கையில் வழிகாட்டி ஒரு தடியைக் கொடுக்கிறார்.

பைன் காட்டினூடே மண் பாதை ஏறுகிறது. முதல் பாதி தூரத்துக்குக் குதிரை கிடைக்கும்; இறங்கும்போது கிடையாது. குதிரைப் பாதை முடியும் இடத்தில் ஓர் உணவு விடுதி. தேநீருடன் உட்கார்ந்தால் எதிரே மடம் தெளிவாகத் தெரிகிறது. மூச்சு வாங்கும் சிலர், இது போதும் என்று இங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

தொடர்ந்து ஏறுபவர்கள் ஒரு கட்டத்தில் மடத்துக்கு நேர் எதிரே வந்துவிடுகிறார்கள். ஆனால் நடுவே ஆழமான பிளவு. பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவியை ஒட்டிய சிறு பாலத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். இறங்கிய அதே படிகள் திரும்பும்போது ஏற்றமாகக் காத்திருக்கும்.

வாசலில் கேமரா, செல்போன், பை எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகுதான் உள்ளே அனுமதி. 8ஆம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண் புலியின் முதுகில் பறந்து வந்து, இங்குள்ள குகையில் மூன்று ஆண்டு, மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் தவம் இருந்தார் என்பது ஐதீகம். குகையைச் சுற்றி 1692இல் கோயில் கட்டியவர் அன்று நாட்டை ஆண்ட டென்சின் ரப்கியே.

1998ஐப் பற்றிச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று மடம் தீப்பற்றியது. வண்டி ஏற முடியாத இடம். பழைய ஓவியங்களும் சிலைகளும் நாசமாயின. ஒரு துறவி உயிரிழந்தார். வெண்ணெய் விளக்கோ மின்கசிவோ காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்ட மடம் 2005இல் திறக்கப்பட்டது. பயணிகள் வியந்து பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதிக்கு வயது இருபது சொச்சம்தான்.

இந்தியப் பயணிகள் பூடானில் தங்க, 2022 செப்டம்பர் முதல் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். மலை ஏறி இறங்க ஐந்தாறு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

சுவர் பழையதா, புதியதா என்ற கேள்வி பூடானியர்களைத் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. எரிந்தது கட்டடம், குகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதுகில் குழந்தையைக் கட்டிய தாய்மார்களும், ஜெபமாலை உருட்டும் முதியவர்களும், பாதையோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கும் பயணிகளைக் கடந்து நிதானமாக மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.