டில்லிக்கு மாற்றல்!

'டில்லிக்கு மாற்றல்' என்று உத்தரவு வந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டு ரஸத்தில் உப்பு இருக்காது. அல்லது இரண்டு தடவை விழுந்திருக்கும். என் அக்கா வீட்டில் இரண்டாவது விதமாக நடந்தது.

அத்தானுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். ஆனால் பெண் எட்டாம் வகுப்பில் அல்லவா படிக்கிறாள்? எல்லோருமாகப் போவதா, அல்லது அவர் மட்டும் போய், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிகிற வரையில் தாயும் மகளும் மயிலாப்பூரிலேயே இருப்பதா? வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பதில்!

"ஊரைப் பார்க்காமல் என்ன பேச்சு? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன் நான். பொங்கல் விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு, அக்கா, அவள் பெண், நான் மூவரும் கிளம்பினோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்குமானால், நீங்களும் எங்களோடு வாருங்கள்.

1976-ல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். சென்ட்ரலிலிருந்து டில்லி சுமார் 2,180 கிலோ மீட்டர். இரண்டு இரவுகளை ரயிலிலேயே கழிக்க வேண்டும். விஜயவாடாவில் தமிழ்க் குரல்கள் குறைந்தன. நாகபுரியில் ஆரஞ்சுப் பழமும் ஹிந்தியும் சேர்ந்தே வண்டிக்குள் வந்தன. ஜான்ஸியைத் தாண்டியதும் மூடுபனி. வண்டி ஊர்ந்தது. காலையில் சேர வேண்டிய நாங்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மத்தியானம் போய் இறங்கினோம். வழி நெடுக அக்கா பெண் அதிகம் பேசவில்லை. "குளிர் போலிருக்கிறது" என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

கரோல் பாகில் தங்கினோம். 2002-ல் தொடங்கிய மெட்ரோ ரயில் இன்று நகரம் முழுவதும் கிளை விட்டிருப்பதால், வழி தெரியாதவர்களுக்கும் டில்லி பயமுறுத்துவதில்லை. அக்காவின் முதல் கவலை சமையல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் கண்டதும் அந்தக் கவலை பாதி தீர்ந்தது. இனிப் பள்ளிக்கூடம்.

சகோதரிகளே, இங்கேதான் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். டில்லிப் பள்ளிகளில் பெரும்பாலானவை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கின்றன. அதில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருஷப் படிப்பு. நேராகப் பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதே பொது விதி. பெற்றோரின் மாற்றல் போன்ற காரணங்களுக்கு அனுமதி கேட்டுப் பெறவேண்டும். ஆகவே போவதானால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் பத்து முடிந்த பிறகு. நடுவில் அகப்பட்டுக்கொள்வதுதான் ஆகாது.

இன்னொரு சங்கடம் மாதக் கணக்கு. அங்கே புது வகுப்பு ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நம் ஊரிலோ ஏப்ரலில்தான் முழு ஆண்டுப் பரீட்சை. ஜூனில் பள்ளி திறப்பு. பரீட்சையை முடித்துக்கொண்டு போகிற குழந்தைக்குச் சில வாரப் பாடம் போய்விடும். கோடை விடுமுறையில்தான் அதை ஈடுகட்ட வேண்டும். மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பதும் உண்டு. ஊரை விட்டுப் புறப்படுமுன் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழி? சி.பி.எஸ்.இ. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கற்பிக்கிற பள்ளியாகப் பார்க்க வேண்டும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் தமிழ் உண்டு. இதன் சரித்திரம் 1923-ல் தொடங்குகிறது. கோடை வந்தால் வெள்ளைக்கார சர்க்காரே சிம்லாவுக்குக் குடிபோன காலம் அது. நம்மவர்கள் குழந்தைகளோடு ஊர் மாறுவது இன்று நேற்று வந்த சங்கடம் அல்ல என்று தெரிந்ததில் அக்காவுக்கு ஓர் ஆறுதல்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டில்லியின் காற்று. 2024 நவம்பரில் மாசு மிகுந்துபோய், நேர் வகுப்புகளை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை வீட்டிலிருந்தே படிக்கச் செய்தார்கள். இளைப்பு உள்ள குழந்தையானால், பள்ளியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள்.

ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி கோயில் இருக்கிறது. எல்லோரும் 'மலை மந்திர்' என்கிறார்கள். தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு தமிழ் அம்மாள்களிடம் பேச்சுக் கொடுத்தோம். ஒருவர், ஒன்பதாம் வகுப்புக்குப் பெண்ணை அழைத்து வந்தவர். "ஆறு மாசம் தினமும் அழுதாள், அம்மா. அப்புறம் தெருப் பிள்ளைகளோடு விளையாடி ஹிந்தி வந்துவிட்டது. இப்போது என்னைத் திருத்துகிறாள்!" என்றார்.

மற்றவர் தம் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டு, பத்தாம் வகுப்பு முடித்தபின் அழைத்துக்கொண்டவர். "மார்க் நிறைய வந்தது, குறை சொல்ல முடியாது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் அவன் குரல் எப்போது உடைந்தது என்று அவன் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் போனில், 'யார் பேசுகிறது?' என்று கேட்டுவிட்டார். அதை இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்" என்றார்.

அக்கா பதில் பேசவில்லை. படியிறங்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை பேரைக் கேட்டோமே, எங்களோடு வந்த பெண்ணைக் கேட்டோமா?

"உனக்கு என்னடி தோன்றுகிறது?" என்றேன்.

அவள் உடனே சொன்னாள், அத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவள் போல: "பாடமெல்லாம் படித்துக்கொள்வேன், சித்தி. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது யார் பக்கத்தில் உட்காருவது? அதுதான் தெரியவில்லை."

நாங்கள் விதிகளைக் கேட்டோம், வாடகையைக் கேட்டோம், முருங்கைக்காய் விலையைக்கூடக் கேட்டோம். குழந்தையின் பயம் சாப்பாட்டு மணியைப் பற்றியது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

அன்று மாலையே, படியில் பேசிய முதல் அம்மாளின் வீட்டுக்குப் போனோம். அவர் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு பெண்களும் ஓர் அறைக்குள் போனவர்கள், காப்பி ஆறி ஏடு படிந்த பிறகும் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா முடிவு செய்துவிட்டாள். ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் மூவருமாகவே டில்லி. ஜாகை அந்த அம்மாளின் வீட்டுக்குப் பக்கத்திலே. பள்ளியும் அந்தப் பெண் படிக்கிற பள்ளியே. இப்போதிருந்தே மாலையில் அரை மணி ஹிந்தி.

இதே முடிவுதான் உங்களுக்கும் சரி என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் வயதான மாமியார் இருக்கலாம், குழந்தைக்கு இளைப்பு இருக்கலாம், மாற்றலே ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கலாம். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன்னால், கணக்குப் போடுகிற காகிதத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு, உங்கள் குழந்தையை ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பி வருகிற வண்டியில் அக்கா பெண் நாகபுரி வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். குளிர் என்னவோ அப்படியேதான் இருந்தது!