கட்டில் அருகே நில்!

படைவீரனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையே பேசுவர். ஆயின் அவன் உருவாகும் இடம் போர்க்களமன்று. நீண்ட பாசறைக் கூடமும், அதில் இரு வரிசையாக இடப்பட்ட இரும்புக் கட்டில்களுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் நிலவிய கட்டாயத் தேசிய சேவையை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம். 1949 முதல் 1963 வரை நீடித்த அச்சேவையிலிருந்தோர் பலர் தம் அனுபவங்களை எழுதிவைத்துள்ளனர். அவற்றை வாசிக்குந்தோறும் ஒன்று நம்மை வியப்பிலாழ்த்துகின்றது. கண்ட சண்டையைச் சில வரிகளில் முடித்துவிடுவோரும் அடிப்படைப் பயிற்சிக்காலப் பரிசோதனைகளைப் பக்கம் பக்கமாக வருணிக்கின்றனர். 1949-இல் அமைந்த இலங்கை இராணுவமும் பிரித்தானிய மரபைத் தழுவியே எழுந்ததாதலின், இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியுமன்று.

பதினெட்டு வயது இளைஞன் தலைமயிர் இழந்து, பெயரோடு ஓர் இலக்கமும் பெற்று வந்து சேர்கிறான். "கட்டில் அருகே நில்!" என்ற கோப்ரலின் குரல் கேட்டதும் விறைத்து நிற்க வேண்டும். போர்வைகளும் விரிப்புகளும் செங்கல்லைப்போல் விளிம்பு கூர்மையாக மடிக்கப்பட்டிருக்கும். அக்கூர்மைக்காக உள்ளே அட்டையைச் செருகுவதும் உண்டு. உணவுத் தட்டம், கத்தி, முள்ளுக்கரண்டி, சவரக்கத்தி, தையற்பை யாவும் விதித்த இடத்தில், விதித்த வரிசையில் கிடக்கும். இடைவாருக்குப் பிளாங்கோ, பித்தளைக்குப் பிராசோ. பொத்தானைத் துலக்கும்போது சட்டைத் துணியிற் கறை படாதிருக்கப் பிளவுள்ள தகடொன்றும் தந்திருந்தார்கள். இத்தனையும் செய்தபின் குறை காணப்பட்டால் கட்டில் கவிழும். பொருள்கள் சாளரத்தின் வழியே வெளியே பறக்கும்.

பரிசோதனை முழுவதும் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. துப்பாக்கியைப் பரிசோதிக்கும் முறையைப் பாருங்கள். வீரன் குண்டறையைத் திறந்து, பெருவிரல் நகத்தை அதனுள் வைக்கிறான். நகத்திற் பட்ட வெளிச்சம் குழாயினுள் ஏற, அதிகாரி மறுமுனையிற் கண் வைத்துத் துருவோ தூசியோ உண்டா எனக் காண்கிறார். எளிமையும் அறிவும் கலந்த செயல் இது. அழுக்கடைந்த துப்பாக்கி உரியவனையே கொல்லக்கூடும். பாதங்களைப் பார்ப்பதும், தொற்றுநோய் உண்டா என உடலைப் பார்ப்பதும் அவ்வாறே. 1853-1856 கிரிமியப் போரில் எதிரியின் ஆயுதத்தால் மாண்ட பிரித்தானிய வீரரைவிட நோயால் மாண்டவரே மிகப் பலர்.

சப்பாத்தின் கதை வேறு. வழங்கப்பட்ட தோற் சப்பாத்து மேற்பரப்பிற் சிறு புடைப்புகள் நிறைந்தது. சூடேற்றிய கரண்டிக் காம்பால் அவற்றை அழுத்தித் தேய்த்து, கறுப்புப் பொலிஷும் எச்சிலும் கலந்து, துணியாற் சிறுசிறு வட்டங்களாக இரவிரவாகத் தேய்ப்பர். முகம் தெரியும்வரை தேய்ப்பர். நீர் புகாது காப்பதற்குத் தோலுக்குக் கொழுப்பல்லவா பூசவேண்டும்? சூடு தோலைக் கெடுக்கும். சேற்றில் நடப்பதற்கென்று செய்த பொருள், பார்வைக்காக அதன் தொழிலுக்கே உதவாததாக்கப்படுகிறது! வாரத்துக்கு 28 சிலிங் சம்பளத்தில், காட்சிக்கு மட்டும் வைப்பதற்கென இரண்டாவது சவர்க்காரமும் தூரிகையும் வாங்கியோர் இருந்தனர். அடுக்கிய படுக்கை குலையுமே என்றஞ்சி வெறுந்தரையில் உறங்கியோரும் இருந்தனர்.

இதை மூடத்தனம் எனச் சிரித்துத் தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பயனுள்ள ஒன்றைச் செய்யும்படி ஏவினால், ஏவப்பட்டவன் பயனுக்காகச் செய்கிறானா கட்டளைக்காகச் செய்கிறானா என்பது ஏவியவனுக்குத் தெரியாது. பயனற்றதைச் செய்வித்தாலே அது தெரியும். (பரிசோதகர் வரும் வாரத்தில் மட்டும் பாடசாலைச் சுவர் வெள்ளை பூசிக்கொள்வதைக் கண்ட ஆசிரிய நண்பர்களுக்கு நாம் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.) மேலும், ஒருவனது குறைக்கு அறை முழுவதும் தண்டிக்கப்படும்போது, தோழரே அவனுக்குக் காவலராகிவிடுகின்றனர்; கோப்ரல் உறங்கப் போகலாம்.

தையற்காரரின் மகனான ஆர்னல்ட் வெஸ்கர் விமானப் படையிற் கட்டாய சேவை செய்தவர். 1962-இல் லண்டன் ரோயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய அவரது 'சிப்ஸ் வித் எவ்ரிதிங்' நாடகத்தில், மேல்வர்க்க இளைஞனொருவன் தொழிலாளரின் பிள்ளைகளோடு நின்று அதிகாரிகளை எதிர்க்கிறான். முடிவில் அதிகாரி உடையில் நிற்பவனும் அவனே. மற்றவர்கள் அணிவகுத்து நடக்கின்றனர்.

நடந்து எங்கே சென்றனர்? பலர் கப்பலேறி மலாயா சென்றனர். அங்கே காட்டுக்குள் கன்வஸ் சப்பாத்தே அணிந்தனர். பொலிஷ் இல்லை, அட்டை செருகிய போர்வை இல்லை. துப்பாக்கியும் பாதமும் பார்க்கப்பட்டன. மலேரியா மாத்திரையை விழுங்கினானா என்பது பார்க்கப்பட்டது. எந்தப் பரிசோதனை தேவையானது என்பதைக் காடே பிரித்துக் காட்டிற்று. ஆயின் பாசறைக் கூடத்திற் கற்ற மற்றப் பாடமும் வீணாகவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போகாது தடுக்க, கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களின் வாயில்களிலும் தோட்டங்களிலும் மக்கள் சோதிக்கப்பட்டனர். விடியற்காலையில் இறப்பர் பால்வெட்டப் புறப்பட்ட சீனரும் தமிழரும் வரிசையில் நின்றனர். பால் வாளி கவிழ்க்கப்பட்டது. சைக்கிளின் குழாய்கூட ஆராயப்பட்டது, ஒரு பிடி அரிசிக்காக. பொலிசாரோடு சோதிக்க நின்றோரில், ஓராண்டுக்குமுன் தன் கட்டிலருகே நடுங்கி நின்ற அந்தப் பத்தொன்பது வயது இளைஞனும் இருந்தான்.